கண் திறந்த கல்யாணப் படம்

வியாகுலமேரியின் வலது கண் அவள் காதுக்குக் கீழே வந்து நின்றது. இடது கண்ணைக் காணோம். சந்தனராஜ் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரை முழுவதும் தேடினார். கடைசியில் அது மாப்பிள்ளையின் கோட்டுப் பையில் கிடந்தது.

"என்னங்க, படம் வந்துருச்சா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"வந்துக்கிட்டே இருக்கு. நீ இங்கிட்டு வராத, ஒரே தூசி!"

தூசி உண்மைதான். இரண்டாயிரமாவது ஆண்டு வாங்கிய கம்ப்யூட்டர் அது. பரண்மேல் பன்னிரண்டு வருடம் கிடந்ததை அன்று காலையில்தான் இறக்கியிருந்தார். ஆனால் அவர் மனைவியை உள்ளே விடாததற்குக் காரணம் தூசி அல்ல. கால் நூற்றாண்டாகக் கட்டிக்காத்த ஒரு பொய் அந்தத் திரையில் அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்தது.

விஷயம் இதுதான். அவர்கள் கல்யாணத்துக்குக் கீரனூர் ரெங்கராஜ்தான் போட்டோ எடுத்தார். ஃபிலிமில் வெளிச்சம் புகுந்து எல்லாம் கெட்டுப்போய், தேறியது ஒரே ஒரு படம். அதில் மாப்பிள்ளை சந்தனராஜ் கண்ணை அகல விழித்து ராஜா மாதிரி நின்றார். பக்கத்தில் நின்ற வியாகுலமேரி கண்ணை மூடியிருந்தாள்.

பதினான்கு வருடம் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்த அவளுடைய அக்கா, "கல்யாணத்தன்னைக்கே தூங்கிட்டா பாரு" என்று சொல்லிச் சிரித்தாள். வியாகுலமேரியும் சேர்ந்துதான் சிரித்தாள். மறுநாள் படம் சுவரில் இல்லை. பீரோவுக்குள் போயிருந்தது. சந்தனராஜுக்கு மனசு கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பிள்ளைகளுக்கென்று கம்ப்யூட்டர் வந்தது. படத்தைப் பீரோவிலிருந்து நைசாக எடுத்து, புதுக்கோட்டையில் ஒரு சென்டரில் ஸ்கேன் செய்து பிளாப்பியில் வாங்கிவந்தார். பத்திரிகை ஒன்றோடு இனாமாக வந்த சிடியில் படம் திருத்தும் சாஃப்ட்வேர் இருந்தது. முப்பது நாள் மட்டும் இலவசம். மே மாதம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். வினாத்தாள் தயாரிக்கிறார் என்று வீடே நம்பியது.

கணக்கு வாத்தியாருக்கு மவுஸைப் பிடித்துக் கண் வரைய வருமா? முதலில் வந்தவை இரண்டு மாங்கொட்டைகள். ஐந்தாறு தடவை தோற்றபின், படத்தில் இருந்த தன் கண்கள் இரண்டையும் பிரதியெடுத்து, கொஞ்சம் சிறிதாக்கி, மனைவியின் முகத்தில் ஒட்டினார். இருபத்தெட்டாவது நாள் அது பொருந்தியது. சென்டரிலேயே பெரிதாகப் பிரின்ட் போட்டு, "ரெங்கராஜ் கடையை மாத்தும்போது இன்னொரு நெகட்டிவ் கெடைச்சுதாம்" என்று சொல்லிக் கூடத்தில் மாட்டினார். பழைய படத்தை ஒரு கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்தார். அதைக் கறையான் பார்த்துக்கொண்டது.

வியாகுலமேரி அந்தப் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். "நல்லாத்தான் இருந்துருக்கேன், இல்ல?" என்றாள். அந்த ஒரு பேச்சுக்காக அவர் இன்னும் பத்துப் பொய் சொல்லியிருப்பார். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம், "ரெண்டு பேருக்கும் என்னா ஒரு ஜாடைப் பொருத்தம்!" என்று வியந்தார்கள். பங்குச் சாமியார் ஒருவர் கல்யாணப் பூசையில் அதை வைத்தே பிரசங்கம் செய்தார்.

இப்போது வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு நாற்பது வருடம். ஆவூர் கோயிலில் நன்றிப் பூசை, பிறகு மண்டபத்தில் சாப்பாடு. சிங்கப்பூரிலிருந்து அலெக்ஸும் திருச்சியிலிருந்து ஃபெமினாவும் குடும்பத்தோடு வருகிறார்கள். புடவை வேண்டுமா, மோதிரம் வேண்டுமா என்று பிள்ளைகள் கேட்டதற்கு வியாகுலமேரி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். கூடத்துப் படம் வெளிறி ஆளே தெரியவில்லை, அதே படத்தைப் பெரிதாகப் போட்டு மண்டப வாசலில் வைக்க வேண்டும்.

"அதுக்கென்ன, அப்பா கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அவர் இத்தனை வருடமாகச் சொல்லிவந்த வார்த்தைதான் அது.

முதல் தப்பு காலையிலேயே நடந்தது. கம்ப்யூட்டர் ஒருவழியாக முனகிக்கொண்டு எழுந்தபோது, தேதி இரண்டாயிரம் ஜனவரி என்றது. உள்ளே பாட்டரி செத்திருக்க வேண்டும். தப்பான விடையைப் பார்த்துவிட்டு வாத்தியார் கை சும்மா இருக்குமா? உடனே இன்றைய தேதியைப் போட்டார். இலவசக் காலம் முடிந்து ஒன்பதாயிரம் நாளுக்கு மேல் ஆகிறது என்று சொல்லி சாஃப்ட்வேர் கதவைச் சாத்திக்கொண்டது.

அதே சிடியில் ஒரு வகைப் படத்தை வேறு வகையாக மாற்றித் தரும் சின்னக் கன்வெர்ட்டர் ஒன்றும் இருந்தது. அதற்கு நாள் கணக்கு கிடையாது. அதில் போட்டு மாற்றினார். ஒட்டுப்போட்ட கண்கள் தனித்தனித் துண்டுகளாக இருந்ததால், படம் ஒரு பக்கமும் கண்கள் ஒரு பக்கமுமாக வந்து சேர்ந்தன.

சிங்கப்பூருக்குப் போன் போட்டார். விவரம் முழுக்கச் சொல்லாமல், "ரெண்டு துண்டு மட்டும் எடம் மாறி நிக்குதுப்பா" என்று கிசுகிசுத்தார்.

"ஏன்ப்பா மெதுவாப் பேசுறீங்க?"

"தொண்ட கட்டிருக்கு."

"சைஸக் கொறைச்சு மாத்திப் பாருங்க."

குறைத்தார். படம் முழுக்கச் சின்னதாயிற்று. கண்கள் மட்டும் பழைய அளவிலேயே நின்றன. மணப்பெண்ணின் தோளில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு கண் உட்கார்ந்து அவரையே பார்த்தது.

"பென் டிரைவ்ல ஏத்திட்டு வந்துருங்கப்பா, நான் பாத்துக்கிறேன்" என்றான் அலெக்ஸ். பென் டிரைவைச் செருகினார். இந்தப் பொருளை நான் பார்த்ததே இல்லையே என்கிற மாதிரி கம்ப்யூட்டர் விழித்தது.

"அப்ப செல்லுல ஸ்கிரீனப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க."

அனுப்புவதாவது! பெற்ற தாயை அந்தக் கோலத்தில் பார்த்தால் பிள்ளை என்ன நினைப்பான்? "சிக்னல் இல்லப்பா" என்று போனை வைத்துவிட்டார்.

பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. தேதியைத் திருத்தியதால்தானே வினை? மறுபடி பின்னால் போனார். இரண்டாயிரம், மே மாதம். சாஃப்ட்வேர் மறுபேச்சில்லாமல் திறந்துகொண்டது.

படம் மெல்ல மேலிருந்து கீழாக விரிந்தது. கண்கள் இருந்த இடத்தில் இருந்தன. சந்தனராஜ் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அந்த மெஷினுக்கு இன்னும் இரண்டாயிரமாவது ஆண்டுதான். அதன் கணக்குப்படி அலெக்ஸ் இப்போதுதான் ஆறாவது முடித்திருக்கிறான். ஃபெமினா செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கையைக் கழுவிவிட்டு வந்துதான் கீபோர்டைத் தொடுவாள். ஒருத்தருக்குப் பத்து நிமிடம் என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு அவரே நடுவர் வேலை பார்ப்பார். மின்சாரம் கூடிக் குறையும்போதெல்லாம் ஸ்டெபிலைசர் 'டொக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும், மூன்று பேரும் ஒரே நேரத்தில் "ஐயோ!" என்பார்கள். எத்தனை சத்தம் அப்போது இந்த வீட்டில்! இப்போது பிள்ளைகள் வருகிற தேதியை விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது. அவர் கண் கலங்கியது. தூசி என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

வந்த வரைக்கும் இங்கேயே பிரின்ட் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். பள்ளிக்கூடத்து வினாத்தாள் அடிக்க வாங்கிய டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் இருந்தது. ரிப்பன் காய்ந்து போயிருந்தது. ஸ்டாம்ப் பேடு மையைத் தடவினார். பிரின்ட் கொடுக்கும்போது 'போஸ்டர்' என்று ஒரு வசதி கண்ணில் பட்டது. பெரிதாகத்தானே வேண்டும் என்று அதை அழுத்தினார்.

பிரின்டர் அலறிய அலறலில் கொல்லையில் இருந்த கோழிகள் வேலி தாண்டின. தொடர் தாள் மடிப்பு மடிப்பாக வந்து விழுந்தது. முதல் தாளில் ஒரு கறுப்பு. இரண்டாவது தாளில் அதே கறுப்பு. நாலாவது தாளில்தான் அது தன் மீசையின் இடது பாதி என்று புரிந்தது. நிறுத்து என்றால் நிற்கவில்லை. ஆறாவது தாளில் மணப்பெண்ணின் ஒற்றைக் கண் முறம் அகலத்துக்கு வந்துகொண்டிருந்தபோது கதவு திறந்தது.

"என்னங்க சத்தம் இது?" என்று வியாகுலமேரி கரண்டியோடு நின்றாள்.

சந்தனராஜ் தாள் குவியலின்மேல் உட்கார்ந்துகொண்டார். "டெஸ்ட் பண்றேன்."

"வேட்டியெல்லாம் மையி!"

"மையின்னு இருந்தா ஒட்டத்தான செய்யும்."

அவள் சிறிது நேரம் அவரைப் பார்த்துவிட்டுப் போனாள். அவர் பிரின்டரின் வயரைப் பிடுங்கினார்.

இனி ஒரே வழி, கண்களை முகத்தோடு நிரந்தரமாகச் சேர்த்துவிட வேண்டும். அப்புறம் எந்த வகைக்கு மாற்றினாலும் நகராது. துண்டுகளை ஒன்றாக்கும் கட்டளையைத் தேடிப் பிடித்தார். கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ கேட்டது. சரி என்றார். மறுபடி கேட்டது. அதற்கும் சரி என்றார். பழைய கோப்பின்மேலேயே எழுதிவிடலாமா என்று மூன்றாவதாகக் கேட்டதற்கும், பொறுமை போய், சரி என்று அழுத்தினார்.

கண்கள் இரண்டும் மறைந்தன. சேர்க்கும் கட்டளைக்குப் பதிலாக, ஒட்டுகளைக் களையும் கட்டளையைக் கொடுத்திருந்தார். பதறிப்போய்த் திரும்பப் பெறும் பொத்தானை நோக்கி மவுஸை நகர்த்தினார். ஸ்டெபிலைசர் 'டொக்' என்றது. கரண்ட் போயிற்று.

கரண்ட் வந்து திறந்து பார்த்தபோது, நாற்பது வருடத்துக்கு முந்தைய படம் அப்படியே இருந்தது. மாப்பிள்ளை ராஜா. பெண் தூக்கம். இருபத்தெட்டு நாள் உழைப்பு போன இடம் தெரியவில்லை. கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், வேறு வழி தெரியாமல் அதையே ஒற்றைத் தாளில் பிரின்ட் கொடுத்தார். இந்த முறை பிரின்டர் ஒரு குறையும் வைக்காமல், புள்ளி புள்ளியாக, மூடிய இமையின் மயிர்கூடத் தெரியும்படி அழகாக அடித்துத் தந்தது.

"அவ்வளவு கஷ்டமா இருந்தா விட்டுருங்க" என்று கூடத்திலிருந்து வியாகுலமேரி சொன்னாள். "ரெங்கராஜ் அண்ணன்கிட்டதான் அந்த ரெண்டாவது நெகட்டிவ் இருக்குமே. நான் போன் போட்டுக் கேட்டுர்றேன்."

சந்தனராஜ் துள்ளி எழுந்தார். "நீ போடாத! ஃபிலிம் வெவகாரமெல்லாம் நேர்ல பேசணும்" என்று சட்டையை மாட்டினார். வேட்டியில் மை, கையில் சுருட்டிய தாள். அந்தக் கோலத்திலேயே கீரனூர் பஸ்ஸைப் பிடித்தார். வழி நெடுக அவருக்கு வேறு நினைப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை மண்டப வாசலில் நின்று அக்கா சிரிப்பாள். வியாகுலமேரியும் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை பார்க்க அவரால் ஆகாது.

ரெங்கராஜ் ஸ்டுடியோ இப்போது ஃபிளெக்ஸ் கடை. முன்பக்கம் மகன் பார்த்துக்கொள்ள, பின்பக்கத்துப் பழைய அறையில் ரெங்கராஜ் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பவுடர் டப்பா, சீப்பு, சுவரில் ரசம் போன கண்ணாடி எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன.

"வாங்க சார், வாங்க. ஞாயித்துக்கெழம விசேசமாமே!"

சந்தனராஜ் கதவைச் சாத்தினார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல முழங்காலிட்டவர் மாதிரி ஒன்று விடாமல் சொன்னார். கண் ஒட்டியது, இரண்டாவது நெகட்டிவ் என்று ரெங்கராஜ் பேரைச் சொல்லிப் புளுகியது, இன்று காலையிலிருந்து பட்ட பாடு எல்லாம் வந்தது. "அந்தக் காலத்துல நீங்க பிரஷ்ஷால டச்சப் பண்ணுவீங்களே. இதுல அவளுக்கு ரெண்டு கண்ணு வரைஞ்சு குடுங்க. அவளுக்குத் தெரியவே கூடாது."

ரெங்கராஜ் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "கம்ப்யூட்டர்ல யாரு கண்ண எடுத்து ஒட்டுனீங்க?"

"என் கண்ணத்தான். இதோ, இந்தப் படத்துல இருக்கே, இதே ரெண்டுதான்."

ரெங்கராஜின் தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சிரிக்காதீங்க ரெங்கராஜ், இங்க உசுரு போகுது."

"சார், ஃபிளாஷ் அடிச்சப்ப நீங்க ரெண்டு பேருமே கண்ண மூடிட்டீங்க. கல்யாணம் முடிஞ்ச மறுவாரம் ஒங்க வீட்டம்மா ஒங்களுக்குத் தெரியாம பஸ் ஏறி இங்க வந்தாங்க. ரெண்டு பேருக்கும் வரைஞ்சுரட்டுமான்னு கேட்டேன். 'எனக்கு வேணாம்ண்ணே, பொண்ணு கண்ண மூடிருந்தா வெக்கம்னு சொல்லிக்குவாங்க, மாப்பிள்ள மூடிருந்தா ஊரே சிரிக்கும். அவருக்கு மட்டும் வரைஞ்சு குடுங்க, அவருக்குத் தெரியவே கூடாது'ன்னாங்க."

சந்தனராஜ் தாளை அவர் கையிலிருந்து வாங்கினார். தாளில் கண்ணை மூடிக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணை, இன்றுதான் முதல்முதலாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்தார். பிறகு தாளை ரெங்கராஜிடமே நீட்டினார்.

"சரி, வரைஞ்சுருங்க" என்றார் கடைசியில். "அன்னைக்கு எனக்கு வரைஞ்ச மாதிரியே அவளுக்கும்."

ரெங்கராஜ் பிரஷ்ஷை எடுத்து நுனியை நாக்கில் தொட்டார். எழுந்துபோய்ச் சுவரில் இருந்த ரசம் போன கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து எதிரே சாய்த்துவைத்தார். தன் முகத்தை அதில் ஒரு பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அன்னைக்கும் மாடலுக்கு ஆள் இல்லாம இதுலதான் சார் பாத்து வரைஞ்சேன். நீங்க ஒட்டுனதையும் சேத்து, ஒங்க வீட்டுக் கூடத்துல இத்தன வருசமா இருந்த நாலும் என் கண்ணுதான்."