பூஜையில் இருந்த பதினான்கு தீயணைப்பான்கள்

வேறு எதைப் படித்தாலும் படிக்கிறவனுக்கு மட்டும்தான் கஷ்டம். தொழிலகப் பாதுகாப்பைப் படித்தால் அவனைச் சுற்றி இருக்கிற எல்லோருக்கும் கஷ்டம். இதை நான் என் அனுபவத்தில் சொல்லவில்லை. என் மனைவியின் அனுபவத்தில் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. நாமக்கல் பக்கத்தில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். பட்டறைக்கு டேங்கர் கட்டும் ஆர்டர் வரப்போவதாகவும், அதற்குச் சான்றிதழ் வாங்கிய பாதுகாப்பு அலுவலர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்றும் முதலாளி ஒருநாள் சொன்னார். "கோயமுத்தூர்ல இருந்து ஆளக் கூட்டியாரதுக்கு, நம்ம பையனே படிச்சா என்ன?" என்று என்னைப் பார்த்தார். நான் வேதியியல் பட்டதாரி என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. (எனக்கே மறந்து போயிருந்தது.) தேறினால் புது டேங்கர் ஷெட்டுக்கு நான்தான் பாதுகாப்பு அலுவலர். தேறாவிட்டால் கோயமுத்தூர்க்காரர் வருவார், நான் காலம் முழுக்க நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு இருக்கலாம்.

ஞாயிறுதோறும் பஸ் ஏறி சேலம் அஸ்தம்பட்டிக்கு வகுப்புக்குப் போனேன். மூன்றாவது வாரமே எனக்கு முற்றிவிட்டது. எங்கே பார்த்தாலும் ஆபத்து தெரிந்தது. வீட்டுக்கு வந்து சமையலறையை ஆய்வு செய்து, பதினொரு குறைகளைத் தாளில் எழுதி, மனைவி கவிதாவிடம் கையெழுத்து கேட்டேன். அவள் தாளிப்புக் கரண்டியை இறக்காமலே கேட்டாள்: "ஏனுங்க, கடுகு வெடிக்கறப்ப ஹெல்மெட் போட்டுக்கட்டுங்களா, இல்ல கடுகுக்கே போட்டுடலாமுங்களா?"

பட்டறையில் இன்னும் மோசம். சனிக்கிழமை டீ நேரத்தில் எல்லோரையும் நிற்க வைத்து வகுப்பெடுத்தேன். பிடியைப் பூட்டியிருக்கும் பின்னை இழு, நெருப்பின் அடியில் குறி வை, பிடியை அழுத்து, இப்படியும் அப்படியும் வீசு. வெறும் கையால் நான் வீசிக் காட்டும்போது வெல்டிங் மேஸ்திரி ரங்கண்ணன் கண்ணை மூடி டீயை உறிஞ்சுவார். மற்றவர்கள் என் தலைக்கு மேலே சுவரைப் பார்ப்பார்கள். ஒரே ஒரு ஆள்தான் கேள்வி கேட்பது. பட்டறை கூட்டும் பாவாயக்கா.

"அந்தச் செவப்புச் சிலிண்டரு கைக்கு எட்டலீன்னா என்னுங்க பண்றது?"

"வாளியில இருக்கற மணலைக் கொட்டணும்க்கா."

"தண்ணி ஊத்தப்படாதுங்களா?"

"கரண்ட் ஓடற இடத்துல தண்ணி ஊத்தவே கூடாது."

சரியென்று தலையாட்டிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இவ்வளவு சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அப்போது மனதுக்குள் நினைத்தேன். இன்றைக்கு அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

எழுத்துத் தேர்வில் எப்படியோ தேறிவிட்டேன். செய்முறைத் தேர்வு பாக்கி. தேர்வாளர் நம் பட்டறைக்கே வருவார். நாம் சுற்றிக் காட்ட வேண்டும். கேட்டால் செய்து காட்ட வேண்டும். திங்கட்கிழமை என்று நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முந்தைய வியாழக்கிழமை ஆயுத பூஜை.

ஆயுத பூஜைக்கு எங்கள் பட்டறையில் அவரவர் தொழில் சாமானைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்குவார்கள். மறுநாள் காலை கற்பூரம் காட்டி முடிக்கிற வரை எதையும் தொடக் கூடாது. ரங்கண்ணன் வெல்டிங் துப்பாக்கியை வைத்தார். பெயின்டர் ஸ்ப்ரே கன்னை வைத்தார். பாவாயக்கா துடைப்பத்தை வைத்தார். எனக்கென்று என்ன சாமான் இருக்கிறது? ஸ்டோர் சாவியை வைக்க மனம் வரவில்லை. வருங்காலப் பாதுகாப்பு அலுவலருக்கு அது கௌரவமாகப் படவில்லை.

ஒரு தீயணைப்பானைக் கழற்றி வைத்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தேர்வு பயம் யாரை விட்டது? ஒன்றை வைத்தால் ஒரு பங்கு அருள், எல்லாவற்றையும் வைத்தால் முழு அருள் என்று கணக்குப் போட்டேன். பட்டறைச் சுவர்களில் இருந்த பதினான்கையும் கழற்றினேன். ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினேன். ஒவ்வொன்றுக்கும் பட்டை, பொட்டு, மாலை. கடிகாரம் போல இருக்குமே, அழுத்தம் காட்டுகிற முள், அதன் நடுநெற்றியில் கனமாகக் குங்குமம். பிடியில் இருக்கிற பின் கழன்று விழுந்துவிடக் கூடாது என்று மஞ்சள் கயிற்றால் மூன்று முடிச்சு. (எனக்கு அதில் ஏற்கெனவே அனுபவம் உண்டு.) இரண்டு மணல் வாளிகளையும் இழுத்து வந்து ஊதுபத்தி செருகினேன். "தரை வழுக்கும், கவனம்" என்ற மஞ்சள் பலகையைக்கூட விடவில்லை. அதற்கும் பொட்டு வைத்துப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். மேலே கலர் காகிதத் தோரணம், சீரியல் பல்பு. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு முதலாளி சிரித்த முகமாக வந்தார்.

"உன்ற எக்ஸாம் சார் போன் பண்ணுனாருப்பா. மேட்டூர்ல இருந்த வேலை தள்ளிப்போச்சாமா. இன்னைக்கே வாரேன்னாரு. நம்ம பையன் எப்பவும் ரெடிங்க, வாங்கன்னு சொல்லிட்டேன்."

 பூஜை இன்னும் முடியவில்லை. ரங்கண்ணன் குளித்துவிட்டு வந்தால்தான் கற்பூரம். அவர் வந்து வேட்டியை இறுக்கிக் கட்டுவதற்கும் தேர்வாளரின் ஸ்கூட்டர் வாசலில் நிற்பதற்கும் சரியாக இருந்தது.

முந்தின நாள் உடைத்த பூசணிக்காய் கேட்டில் அப்படியே கிடந்தது. தேர்வாளர் இறங்கி இரண்டாவது அடி வைத்ததும் ஒரு முழம் சறுக்கி, பூஜைக்குக் கட்டியிருந்த வாழைக்கன்றைக் கட்டிப் பிடித்து நின்றார். ஒல்லியான, பொறுமையான மனிதர். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இங்கே எச்சரிக்கைப் பலகை எதுவும் வைக்கிறதில்லையா?" என்றார்.

"இருக்குதுங்க சார். பூஜையில இருக்குதுங்க."

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். உள்ளே வந்தார். சுவரில் சிவப்புக் கட்டம், அதற்குள் "தீயணைப்பான்" என்று நானே அழகாக எழுதிய எழுத்து, அதற்குக் கீழே வெறும் ஆணி. அடுத்த சுவர், வெறும் ஆணி. அதற்கடுத்ததும் அப்படியே.

"எல்லாம் எங்கே?"

"அதுவும் பூஜையிலதாங்க சார்."

நான் சமாளிக்க நினைத்து ரங்கண்ணன் காதில், "அண்ணா, சீக்கிரம் கற்பூரத்தைக் காட்டி முடிங்க" என்றேன். முடிந்துவிட்டால் பதினான்கையும் ஓடி ஓடி மாட்டிவிடலாம் என்பது என் திட்டம். அவசரத்தில் ரங்கண்ணன் ஒரு பிடி கற்பூரத்தைத் தட்டில் கொட்டிக் கொளுத்தினார். தட்டை உயர்த்தினார். கழன்று தொங்கிக்கொண்டிருந்த காகிதத் தோரணத்தின் வால் அந்தத் தீயைத் தொட்டது. தோரணம் சரசரவென்று எரிந்துகொண்டே போய், பல்பு வயரைப் பற்றி, பூஜைக்கு வாங்கி வைத்திருந்த பொரி மூட்டையின் மேல் விழுந்தது.

நான் படித்ததெல்லாம் இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான். பதினான்கு தீயணைப்பான்கள் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக நிற்கின்றன. பக்கத்தில் தேர்வாளர் நிற்கிறார். நான் கையை நீட்டினேன்.

"தம்பி, பூஜையில இருக்குது! தொடாதீங்க!" என்று ரங்கண்ணன் கத்தினார்.

நான் கையை இழுத்துக்கொண்டேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். எரிகிற தீக்கு முன்னால், பாதுகாப்பு படித்தவன், கையை இழுத்துக்கொண்டேன். அதோடு விட்டேனா? "காட்டியாச்சுங்களாண்ணா? இப்பத் தொடலாமுங்களா?" என்று உத்தரவு கேட்டுக்கொண்டு நின்றேன்.

யாரோ குடத்தோடு ஓடி வந்தார்கள். அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"தண்ணி ஊத்தாத! கரண்ட் ஓடுது! சுச்ச அமுத்து மொதல்ல!"

பாவாயக்கா. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்த மணல் வாளியை அப்படியே தூக்கினார். ரங்கண்ணன் மறுபடி வாயைத் திறந்தார். "சாமி கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கறேன், நகுரு" என்று சொல்லிவிட்டு, மணலை ஊதுபத்தியோடு மூட்டையின் மேல் கவிழ்த்தார். இரண்டாவது வாளியும் கவிழ்ந்தது. தீ அணைந்தது. மொத்தமே அவ்வளவுதான்.

இல்லை, அவ்வளவோடு முடியவில்லை. நான் இருக்கிறேனே. அவமானம் தாங்காமல் அப்போதுதான் எனக்கு வீரம் வந்தது. ஒரு தீயணைப்பானைத் தூக்கினேன். பின் வரவில்லை. மூன்று முடிச்சு. பல்லால் கடித்து இழுத்தேன். கயிறு அறுந்தது, பின் பறந்தது, பிடியை இரண்டு கையாலும் அழுத்தினேன். குழாய் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதை மட்டும் பார்க்கவில்லை. வெள்ளைப் பொடி புஸ்ஸென்று கிளம்பித் தேர்வாளர் மேல் அடித்தது. பயந்து திருப்பினேன், முதலாளி. இன்னும் திருப்பினேன், சாமி படம், சுண்டல், வாழைப்பழம். புகை அடங்கியபோது எங்கள் பட்டறையில் கறுப்பாக இருந்தது பாவாயக்காவின் தலைமுடி மட்டும்தான்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைத் தாண்டிப் பாவாயக்காவிடம் போனார்.

"தண்ணி ஊத்தக் கூடாதுன்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது?"

"இந்தத் தம்பிதானுங்க. சனிக்கெழமயானா காது புளிக்கப் புளிக்கச் சொல்லுமுங்க. பாவம், ஒருத்தருங் கேக்கமாட்டாங்க. நானாச்சும் கேப்பமேன்னு கேட்டனுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தில் பொடி இருந்ததால் இரண்டு கோடாக இறங்கியது தெரிந்திருக்கும். அவமானம் பாதி, மீதி என்னவென்று சொல்லத் தெரியவில்லை. அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேனே, அந்த நினைப்பு நெஞ்சைக் குத்தியது.

தேர்வாளர் தாளை நிரப்பி முதலாளியிடமே காட்டினார். ஆபத்தைக் கண்டறிதல், கருவிகளைப் பராமரித்தல், நெருக்கடியில் செயல்படுதல், எல்லாவற்றிலும் சுழி. கடைசியில் ஒரு வரி, தொழிலாளர்களுக்குப் பயிற்சி அளித்தல். அதில் மட்டும் முழு மதிப்பெண். "இதை வெச்சுத் தேற முடியாது. ஆனா இது வராதவங்கதான் நிறையப் பேர் தேறிடறாங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஆறு மாசம் கழிச்சு வர்றேன். சுவத்துல மாட்டி வைங்க" என்றார்.

முதலாளி புருவத்தில் இருந்த பொடியைத் தட்டிவிட்டார். "கோயமுத்தூர்க்காரருக்கு ஆறு மாசம் பொறுத்துச் சொல்லிக்கலாம்" என்றார். "அடுத்த தடவ பாவாயியப் பக்கத்துல நிக்க வெச்சுக்க."

நிற்க வைத்துக்கொண்டேன். தேறினேன். சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு டேங்கர் ஷெட்டில் மாட்டியபோது, பாவாயக்கா குங்குமம் கொண்டுவந்து சரியாக என் பெயருக்கு மேலேயே பெரிதாக வைத்தார். இன்றைக்கும் அது யாருடைய சான்றிதழ் என்று வருகிறவர்களுக்கு நான் வாயால்தான் சொல்ல வேண்டும்.

வீட்டில் அந்தக் கதை இத்தனை வருஷமாகியும் ஆறவில்லை. சாப்பிட்ட தட்டை எடுக்காமல் உட்கார்ந்திருந்தால், "ஏனுங்க, கை பூஜையில இருக்குதுங்களா?" என்பாள் கவிதா. மகள் அதற்கும் ஒருபடி மேலே. ஆயுத பூஜைக்குப் படத்தின் முன்னால் வைத்த கணக்குப் புத்தகத்தைத் தீபாவளி வரை எடுக்கமாட்டாள். "தீப்பிடிச்சப்பக்கூட நீங்க தொடலையாமாப்பா" என்கிறாள். 

பாவாயக்கா வேலையை விட்டு, ஆட்டையாம்பட்டியில் இருக்கிற மகன் வீட்டோடு போய்விட்டார். இப்போதெல்லாம் தீயணைப்பான்களுக்குச் சுவரிலேயே, ஆணியில் இருந்தபடியே பொட்டு வைக்கிறோம். அந்தப் பட்டறையில் அவர் குரல் இல்லாமல் பூஜை செய்வது எனக்கு வெறிச்சென்றுதான் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மறுநாள் காலை, கற்பூரம் காட்டும் முன், நான் போன் செய்வேன். அவர் நலம் விசாரிக்கமாட்டார். எடுத்ததும் ஒரே கேள்விதான்.

"ஏஞ்சாமி, எல்லாஞ் செவுத்துலதான இருக்குது?"

"செவுத்துலதானுங்கக்கா."

"கவுறு?"

"கட்டலீங்கக்கா."

"செரி, இப்பக் கொளுத்தச் சொல்லு" என்பார். அதன் பிறகுதான் ரங்கண்ணன் தீக்குச்சியை உரசுவார்.