மூன்று கடைக்குப் பாக்கு வைத்தவன்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்த டாக்டரிடமும் அதற்கு மருந்து கிடையாது. அதன் பேர் அதிக மரியாதை. யார் வீட்டிலாவது ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தால்கூட, பதிலுக்கு எதையாவது கொடுக்காமல் அந்த வாசலைத் தாண்ட எனக்குக் கால் வராது. "கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்தா, இவன் அதையும் டீக்கடைக்கு இட்டுகினு போவான்" என்பாள் என் அக்கா எஸ்தர். சொல்ல அவளுக்கு முழு உரிமை இருக்கிறது. என் மரியாதையின் முழுப் பலனையும் தன் கல்யாணத்தன்று அனுபவித்தவள் அவள்தான்.

அது எழுபதுகளின் நடுவில். கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த நேரம். நைனா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. காக்கிச்சட்டை போட்டு கம்பெனி கேட்டுக்குள் நுழைந்த முதல் ஆள் நான். (உள்ளே போய் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். இரும்பைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்தேன். மறுநாள் அதையே அந்தப் பக்கம் வைத்தேன்.) ஆனால் வீட்டில் நான்தான் கலெக்டர்.

அக்காவுக்குப் பெரம்பூரில் ரயில்வே மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை செல்வராஜ் தங்கமான மனுஷர். கூடவே வந்த அவருடைய அத்தைதான் அந்தத் தங்கத்துக்குச் செய்கூலி, சேதாரம் எல்லாம். பேச்சு முடித்த அன்று எங்கள் வீட்டு டீயை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"கல்யாணத்துல கேக்கு வெட்டணும். உங்க பக்கத்துல கேக்குன்னா தெரியுமில்ல? பன்னுல ஜாமைத் தடவி அடுக்கிடாதீங்க."

அவர்கள் போன பிறகு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "தாசு, கேக்கு உன் பொறுப்பு. நான் அந்த ஊட்டுல காலம் பூரா இருக்கணும்டா. மொத நாளே எல்லாரும் சிரிக்கிறா மாதிரி பண்ணிடாத."

"இன்னாக்கா நீ, என்னைத் தெரியாதா உனக்கு?" என்றேன்.

"தெரியும். அதான் சொல்றேன்" என்றாள்.

எங்கள் ஃபோர்மேன் ஆங்கிலோ இந்தியர். அவரிடம் போய் யோசனை கேட்டேன். "ஒரே கடையைப் பார்த்துட்டு ஆர்டர் குடுக்காதே, மேன். மூணு கடையில தின்னு பாரு. நடுவுல தண்ணியால வாயைக் கழுவிக்கோ. அப்புறம் முடிவு பண்ணு" என்றார். பெண் பார்க்கிற மாதிரி கேக் பார்க்க வேண்டும் என்று எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதோடு நிறுத்தியிருக்கலாம். ஓசியில் தின்றுவிட்டு வெறுங்கையை வீசிக்கொண்டு வருவதா என்று என் வியாதி கிளம்பியது. ஒரு பித்தளைத் தட்டு, வெற்றிலை, பாக்கு, கடைக்கு ரெண்டு வாழைப்பழம் என்று தயார் செய்தேன். துணைக்குத் தாய்மாமன் சாமுவேல்.

முதலில் கும்மிடிப்பூண்டி பஜாரில் பாய் கடை. "ருசி பார்க்க வந்திருக்கோம்" என்றதும் பாய் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். பிஸ்கட்டை உடைத்துப் பார்க்கக் கேட்டவர்கள் உண்டு, கேக்கை ருசி பார்க்க ஊர்வலமாக வந்தவர்கள் கிடையாது. இருந்தாலும் ஒரு துண்டு வெட்டித் தந்தார். நான் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, மாடு அசைபோடுவது போல மென்றேன். பிறகு வெளியே போய் ஒரு சொம்புத் தண்ணீரால் கொரகொரவென்று கொப்பளித்துத் துப்பினேன். பாய் முகம் செத்துப் போனது.

"இன்னா தம்பி, அவ்ளோ மோசமாவா இருக்குது?"

"இல்ல பாய், இதான் இங்கிலீஷ் முறை" என்றேன். அவர் மனசு ஆறட்டும் என்று தட்டை எடுத்து, எழுந்து நின்று, ரெண்டு கையாலும் நீட்டினேன். பாய் சட்டென்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அதே மாதிரி எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். கல்யாணம் என்றைக்கு, எந்தக் கோயில், பொண்ணு மாப்பிள்ளை பேர் என்ன என்று கேட்டார். எவ்வளவு அன்பான மனுஷர் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

பொன்னேரியில் நாயுடு கடை. கேக் மேல் ரோஸ் கலரில் பூ. கடித்தால் செங்கல். அங்கேயும் கொப்பளிப்பு, அங்கேயும் தட்டு, அங்கேயும் அன்பான விசாரிப்பு. மறுநாள் பஸ் பிடித்துத் திருவள்ளூர். அங்கே ராணுவத்தில் சமையல் செய்துவிட்டு வந்த ஒரு மாஸ்டர் கடை வைத்திருந்தார். கேக் பஞ்சு. மாமா கண்கலங்கிவிட்டார். இதுதான் என்று மனசுக்குள் முடிவு செய்து அங்கேயும் தட்டை நீட்டினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா கேட்டார்: "ஏண்டா, எல்லாக் கடைக்கும் பாக்கு வெச்சிகினே வர்றியே, இன்னா சமாச்சாரம்?"

"மரியாதை மாமா."

"ஓ" என்று தூங்கிவிட்டார்.

எங்கள் ஊரில் மேளக்காரருக்கு எழுதிக் கொடுக்கிற வழக்கம் கிடையாது. சமையல்காரருக்கும் கிடையாது. எழுந்து நின்று வெற்றிலை பாக்கைக் கொடுத்தால் பேச்சு முடிந்தது, அன்றைக்கு அவர் வந்தாக வேண்டும். கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். ஆனால் அது மேளத்துக்கும் சோற்றுக்கும்தான் என்று நினைத்துவிட்டேன். (மாமாவைப் பிறகு கேட்டபோது, "கேக்கு வெள்ளக்காரன் பலகாரமாச்சே, அதுக்கு வேற சட்டமா இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.) மாஸ்டருக்கு மட்டும் ஒரு கார்டு போட்டேன். மற்ற ரெண்டு பேரிடம் மூச்சு விடவில்லை. பெண் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் சும்மா இருந்துவிடுவதில்லையா?

கல்யாணத்தன்று கோயிலில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. பந்தலில் மாஸ்டர் கேக் வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைச் சுற்றி வந்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. அக்கா என்னைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தாள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அப்போது பந்தல் வாசலில் ஒரு ரிக்‌ஷா நின்றது. நாயுடு, மடியில் ரோஸ் கேக். அவர் இறங்குவதற்குள், பின்னாலேயே பலகையில் கேக்கை வைத்து ஆள் தூக்கிவர, பாய் அத்தர் மணக்க நடந்து வந்தார். ரெண்டு கேக்கிலும் எஸ்தர், செல்வராஜ் என்று பேர் எழுதியிருந்தது.

"தப்பா வந்துட்டீங்க" என்றேன்.

"தப்பா? நீ நின்னுகினு பாக்கு குடுத்தே, நான் நின்னுகினு வாங்கினேன். பாக்கு வாங்கிட்டு கேக்கு போடலன்னா நாளைக்கி எவன்யா என் கடைப் படி ஏறுவான்?" என்றார் நாயுடு.

"அதே கேள்விதான் நமக்கும்" என்றார் பாய்.

"அப்போ என் கேக்கு இன்னா, வேடிக்கை பாக்கறதுக்கா?" என்று மாஸ்டர் மீசையை முறுக்கினார்.

தன்னுடையதை வெட்டாமல் யாரும் நகர்வதாக இல்லை. மேசையில் மூன்று கேக்கும் வரிசையாக ஏறின. அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "இன்னாடி இது எஸ்தரு, உனக்கு மாப்பிள்ளை ஒருத்தனா, மூணு பேரா?"

பெரம்பூர் வரிசை மொத்தமும் சிரித்தது. அக்கா பயந்தது அப்படியே நடந்துவிட்டது. நான் பந்தல் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். நைனா என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் காலே பற்றி எரிந்திருக்க வேண்டும்.

அக்கா கத்தியை எடுத்தாள். (எனக்குத்தான் என்று நினைத்தேன்.) "மாப்பிள்ளை ஒருத்தர்தான் அத்தை. பாக்கு வாங்கினவங்க வந்து நின்னா திருப்பி அனுப்ப மாட்டோம், அது எங்க ஊரு. உங்க ஊட்டுல ஒண்ணோட முடிச்சிக்குவீங்களா? பாவம்" என்று சொல்லி, மாப்பிள்ளை கையையும் சேர்த்துப் பிடித்து மூன்றையும் வெட்டினாள். சிரிப்பு இந்தப் பக்கம் மாறியது. மாப்பிள்ளைதான் ரொம்ப நேரம் சிரித்தார்.

அத்தை விடுகிற ஆளா? சில மாசத்தில் பெரம்பூரில் அவர் பெண்ணுக்குக் கல்யாணம். போய்ப் பார்த்தால் மேசையில் நாலு கேக்!

நைனா என்னோடு பேச மூன்று மாசம் ஆனது. அதுகூடப் பரவாயில்லை. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த நல்ல காரியத்திலும் என் கையில் தாம்பூலத் தட்டைத் தருவதில்லை. என் மகளின் நிச்சயதார்த்தத்தில், அப்பன்தானே என்று தட்டைத் தூக்கப் போனேன். அக்கா பாய்ந்து வந்து என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சம்பந்தி குழம்பிப் போய், "அவரு பொண்ணுக்கு அப்பாதானேம்மா?" என்று கேட்டார்.

"அப்பாதாங்க" என்றாள் அக்கா. "ஆனா இவன் கையில தட்டைக் குடுத்தா, போற வழியில இன்னும் ரெண்டு ஊட்டுல நிச்சயம் பண்ணிட்டுத்தான் வருவான்."

எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்தி மட்டும் சிரிக்கவில்லை. தட்டைத் தன் பக்கமாக இழுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.