ஒன்பதாம் கட்டிலில் பெய்த மழை

பள்ளிக்கூடத்தில் நான் ஒருமுறைகூடக் காப்பி அடித்ததில்லை. ஒழுக்கம் காரணமில்லை, பக்கத்தில் உட்கார்ந்தவன் என்னைவிட மோசம். ஒன்பதாம் வகுப்போடு இருவரும் வெளியே வந்துவிட்டோம். இருபத்தாறு வயதில் முதன்முதலாகக் காப்பி அடித்தபோது அந்தத் தொழிலில் எனக்குப் போதிய பயிற்சி இல்லை. அதனால் ஒரு மனிதர் தன் மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் போக முடியாமல் போயிருக்கும்.

அதற்குமுன் ரங்கநாதன் தெருவில் புடவை மடித்தேன். மாம்பலம் ஸ்டேஷன் அருகே பரோட்டா மாவு பிசைந்தேன். தரமணியில் கம்பெனி பஸ்களைக் கழுவினேன். எதிலும் நான்கு மாதம் தாண்டியதில்லை. (அவர்கள் துரத்தியது பாதி, நானே ஓடியது பாதி.) கடைசியில் அடையாறு பக்கம் ஒரு மனநல மருத்துவமனையில், பூட்டு வார்டில் உதவியாளனாகச் சேர்ந்தேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம்.

அங்கே வாசலுக்கு இரண்டு கதவுகள். ஒன்றைப் பூட்டிய பிறகுதான் மற்றதைத் திறக்கலாம். சாப்பாடு முடிந்ததும் ஸ்பூன்களை எண்ண வேண்டும். பைஜாமாவில் நாடா இருக்காது, எலாஸ்டிக்தான். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, எப்போதாவது விழும் அடியை வாங்கிக்கொள்வது எல்லாம் பத்து நாளில் பழகிவிட்டது. பழகாதது நோட்டு.

ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு நீள நோட்டு. அதில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று மணிக்கு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். டாக்டர் வாரம் ஒருமுறைதான் உட்கார்ந்து பேசுவார். மற்ற நேரமெல்லாம் அவருக்கு அந்த நோட்டுத்தான் கண். எனக்கு ஆறு கட்டில், பகல் முழுக்க டியூட்டி. எழுத்துக்கூட்டி எழுதும் எனக்கு ஒரு வரி முடிவதற்குள் அடுத்த மணி அடித்துவிடும்.

என் அவஸ்தையைப் பார்த்துத் தஸ்தகீர் பாய் மனமிரங்கினார். இருபது வருடமாக அதே வார்டில் இருப்பவர்.

"அரே தம்பி, இவங்க நேத்து செஞ்சதைத்தானே இன்னிக்கும் செய்றாங்க? முந்தின பக்கத்தைப் பாத்து எழுதேன்."

எழுதினேன். இரண்டு வாரம் நிம்மதி.

ஒன்பதாம் கட்டிலில் இருந்தவர் கோதண்டம் அண்ணன். சைதாப்பேட்டையில் ஆட்டோ ஓட்டுபவர். யாரோ துரத்துகிறார்கள் என்று மூன்று நாள் தூங்காமல் வண்டி ஓட்டி, கடைசியில் பாலத்தின் மேல் குறுக்கே நிறுத்திவிட்டு அழுதவர். மார்ச்சில் வந்தார். மே மாதத்துக்குள் நன்றாகத் தேறிவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டில் அவர் பெங்களூரில் சவாரி ஓட்டுவதாகச் சொல்லிவைத்திருந்தார்கள். "அப்பா வந்து தட்டு மாத்தினாத்தான்" என்று மகள் பிடிவாதம். புதன்கிழமை டாக்டர் பார்த்துச் சரி என்றால் வியாழன் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் அடுத்த புதன்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய நோட்டு தீர்ந்துவிட்டது. புது நோட்டில் முந்தின பக்கமே இல்லை. பழையதை எடுக்கலாம் என்று அலமாரியைத் திறந்தேன். அட்டையில் 'கட்டில் 9' என்றிருந்த ஒரு நோட்டு கைக்கு வந்தது. நோட்டு கட்டிலுக்குத்தான், ஆளுக்கு இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் அதைப் பார்த்து எழுதினேன். எழுதினேன் என்றுதான் சொன்னேன், படித்தேன் என்று சொல்லவில்லை.

புதன்கிழமை காலை கோதண்டம் அண்ணனை டாக்டரம்மாவின் அறைக்கு அழைத்துப்போய், வழக்கப்படி கதவோரம் நின்றேன். அவர் மனைவி வந்திருந்தார். மடியில் குண்டூசி எடுக்காத புதுச் சட்டை. வார்டுப் பொறுப்பிலிருந்த பெரிய சிஸ்டர் நோட்டை நீட்டினார். டாக்டரம்மா சிரித்த முகத்தோடுதான் பிரித்தார். படிக்கப் படிக்க அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"கோதண்டம், நேத்து மத்தியானம் ஏன் சாப்பிடலை?"

"சாப்ட்டனே டாக்டர்."

"சோறு நனைஞ்சு போச்சுன்னு சொன்னீங்களாமே. மூணு மணிக்கு ஜன்னல்ல மழையைப் பாத்துக்கிட்டு இருந்தீங்களா? நாலு மணிக்குக் கப்பல் செய்யப் பேப்பர் கேட்டிருக்கீங்க."

அக்னி நட்சத்திர வெயில். அறையில் மின்விசிறி சூட்டைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா மழைன்ற? வெயில்ல நாயே நாக்க தொங்கப் போட்டுகினு கீது!" என்றார் அவர் மனைவி. பிறகு மெல்லக் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் வந்துவிட்டது. சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

கோதண்டம் அண்ணன் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தார்.

"நான் மழைய பாக்கல டாக்டர். பாக்கலன்னு சொன்னா மறைக்கிறான்னு எழுதுவீங்க. கோவப்பட்டா அதையும் எழுதுவீங்க. நான் இன்னா செய்யணும், நீங்களே சொல்லுங்க."

நான் பார்த்து எழுதியது வேறு யாருடைய நாளையோ என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டால் வேலை தங்கும். என் வரலாற்றில் அது இன்னொரு நான்கு மாதம். அவருக்கு அது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை.

"டாக்டர், அந்த மழை என்னோடது" என்றேன்.

அறையில் எல்லோரும் திரும்பினார்கள். டாக்டரம்மா என்னை ஒரு புது நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நீ பாத்தியா மழையை?"

"இல்ல டாக்டர். காப்பி அடிச்சேன்."

"எதைப் பாத்து?"

"பழைய நோட்டைப் பாத்து. அதுல... நவம்பர் மாசம் போல."

பெரிய சிஸ்டர் நோட்டை வெடுக்கென்று வாங்கிப் புரட்டினார். மூன்று பக்கத்தின் அடியிலும் ஒரே கையெழுத்து: ப. ஏகாம்பரம்.

"ஏகாம்பரமா? அவர் பொங்கலுக்கே வேலையை விட்டுட்டுப் போயிட்டாரே!"

ஆமாம். கையெழுத்தையும் சேர்த்துக் காப்பி அடித்திருந்தேன். பார்த்துப் பார்த்து அழகாக, சுழியெல்லாம் போட்டு. என் சொந்தக் கையெழுத்துகூட அவ்வளவு நன்றாக வராது.

முதலில் சிரித்தவர் கோதண்டம் அண்ணன். "நைனா, பைத்தியம்னு என்ன உள்ள வச்சிகினு உன்ன வெளிய உட்டாங்களே!" என்றார். அவர் மனைவி சிரிக்கவில்லை. "என் பொண்ணு வாழ்க்கைடா பாவி" என்று தலைப்பில் முகத்தைத் துடைத்தார். இன்றுவரை என் காதில் இருப்பது இரண்டாவது குரல்தான்.

டாக்டரம்மா கோதண்டம் அண்ணனோடு தனியாக ஒரு மணி நேரம் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். இல்லாத மூன்று நாளை நம்பி ஒருவரை அனுப்ப முடியாது என்றார். நாளை மாலை வரை கால் மணிக்கு ஒரு வரி நான் எழுத வேண்டும். சரியாக இருந்தால் வெள்ளிக்கிழமை காலை அவர் போகலாம்.

"கண்ணால பாத்ததை மட்டும் எழுது. உன் வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார்.

கோதண்டம் அண்ணனுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அத்தனை வாரத்தில் நான் அவரைக் குளிக்கக் கூட்டிப்போயிருக்கிறேன், மாத்திரை விழுங்கினாரா என்று வாயைத் திறந்து பார்த்திருக்கிறேன். அவரைப் பார்த்ததில்லை. தட்டில் கடைசியாக ஒரு பிடி சோற்றை ஒதுக்கி வைப்பார். பக்கத்துக் கட்டில் பெரியவருக்குப் பசி அடங்காது. இட்லி நன்றாக இருந்தால் இடது காலை ஆட்டுவார். எல்லாவற்றையும் எழுதினேன். விரல் வீங்கிவிட்டது.

வியாழன் பிற்பகல், மூன்றே கால் மணி. அவர் எழுந்துபோய்ச் சுவருக்கு எதிரில் நின்றார். கையைக் கூப்பினார். "வாங்க சம்மந்தி. பிரயாணம்லாம் சவுக்கியமா?" என்றார். இரண்டடி பின்னால் போய் மறுபடியும் வந்து கூப்பினார்.

என் பேனா நின்றுவிட்டது. 'சுவரோடு பேசுகிறார்.' உண்மை அதுதான். அந்த வார்டில் அந்த இரண்டு வார்த்தையை எழுதினால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும்.

"அண்ணே, இத நான் பாக்கலைன்னு வச்சுக்கவா?"

அவர் திரும்பவில்லை. "மூணு நாளு பாக்காம எழுதின. இப்ப பாத்துட்டு எழுதாம உடப்போறியா? நெசத்த எழுது, நைனா. முழுசா எழுது."

நான் எழுதியது இது: 'மகள் நிச்சயதார்த்தத்துக்குச் சம்மந்தியை எப்படிக் கூப்பிடுவது என்று சுவரைப் பார்த்துப் பழகுகிறார். சுவர் பதில் சொல்லவில்லை. சொல்லும் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை.'

மாலையில் டாக்டரம்மா அந்த வரியை இரண்டு தடவை படித்தார். கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை நான்தான் இரண்டு கதவையும் திறந்துவிட்டேன், ஒன்றைப் பூட்டிய பிறகு மற்றதை. புதுச் சட்டையின் காலரில் குண்டூசி ஒன்று மிச்சமிருந்தது. எடுத்துக் கொடுத்தேன். (பூட்டு வார்டில் குண்டூசி எப்படி உள்ளே வந்தது என்று பெரிய சிஸ்டர் அதற்குத் தனியாக ஒரு அரை மணி நேரம் டோஸ் விட்டார்.)

என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. ஆறு வருடமாக அங்கேதான் இருக்கிறேன். புதிதாக வருபவர்களுக்கு நோட்டு எழுதச் சொல்லிக்கொடுப்பது இப்போது என் பொறுப்பு. தஸ்தகீர் பாய் அந்தப் பக்கம் வருவதில்லை. வீட்டில் நான் எதைச் சொன்னாலும், "கண்ணால பாத்தியா, ஏகாம்பரம் சொன்னாரா?" என்பாள் மனைவி. என் மூன்று வயது மகள் ஏகாம்பரம் என்பவர் ஒரு தாத்தா என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

கோதண்டம் அண்ணன் சைதாப்பேட்டை ஸ்டாண்டில்தான் நிற்கிறார். மாத்திரையை விடவில்லை. போன மே மாதம், கொளுத்தும் ஒரு மத்தியானம், திடீரென்று வானம் இருட்டிக் கோடை மழை பிடித்துக்கொண்டது. நான் காயப்போட்ட வார்டுத் துணியை எடுக்க ஓடிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, கோதண்டம் அண்ணன்.

"தம்பி, நெசமாவே பெய்யுது. ஜன்னலாண்ட போய் உன் கண்ணால பாரு. அப்பால எழுதிக்க."

போய்ப் பார்த்தேன். எழுதிக்கொண்டேன்.