சாம்பாருக்குப் படம் வரைந்த மாஸ்டர்

உலகத்தில் நடக்கிற சகலத்தையும் ஒரே ஒரு வளைந்த கோட்டுக்குள் அடக்கிவிடலாம் என்று நம்பிய மனிதர் பினாங்கிலேயே ஒருவர்தான் இருந்தார். நம்பியதோடு விட்டிருந்தால் நாங்கள் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்போம். மனிதர் அடுப்புக்கரியை எடுத்துச் சுவரில் வரைய ஆரம்பித்துவிட்டார்.

பினாங்கு ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்கு மேல்மாடியில், கல்யாணமாகாத நாங்கள் சிலர் சேர்ந்து மெஸ் நடத்திக்கொண்டிருந்தோம். எங்களோடு இருந்த அந்த மனிதர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பெயர் ஏதோ இருந்தது; எங்களுக்கு அவர் வளைகோட்டு மாஸ்டர். அவர் வரைந்ததை ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் முறை வைத்துக் கழுவுவோம். ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தால்கூட விடமாட்டார். சூட்டை அளந்து கோடு போட்டுவிட்டு, படுத்துக் கிடந்தவரிடம் போய், "காய்ச்சல் நல்லா இறங்குது. சாதாரண சூட்டை நெருங்கிக்கிட்டே இருப்பீங்க. ஆனா தொடமாட்டீங்க" என்றார். அந்த ஆள் ஊருக்குத் தந்தி கொடுக்கச் சொல்லி அழுதுவிட்டார்.

வில்லங்கம் சாம்பாரில் வந்தது. கெட்டிச் சாம்பார் என்றால் மாஸ்டருக்கு உயிர். பள்ளிக்கூடம் விட்டதும் முதல் பந்தியில் வந்து உட்கார்ந்துவிடுவார். எங்கள் சமையல்காரர் சிங்காரம் அவர் இலையில் ஊற்றுவது சோற்றின் மேல் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதற்கப்புறம் சட்டியில் குறையக் குறைய வெந்நீரை ஊற்றிச் சமாளிப்பார். நான் துறைமுகக் கிட்டங்கியில் மூட்டைக் கணக்கு எழுதும் கிராணி. சாமான் இறங்கி முடிந்து கடைசிப் பந்திக்குத்தான் வரமுடியும். எனக்கு ஊற்றுகிற சாம்பாரில் கை கழுவலாம்.

ஒருநாள் கூட்டம் போட்டோம். "சிங்காரத்த அடுத்த கப்பல்ல நாகப்பட்டினத்துக்கு ஏத்தி விடணும்" என்று நான்தான் ஆரம்பித்தேன். நாள் பூரா மூட்டை எண்ணிவிட்டு வந்தவனுக்கு வயிறு காந்துமா, காந்தாதா?

சிங்காரம் சுவரோரம் நின்று, "சத்தியமா பருப்பு இருக்குண்ணே. ஊருல தங்கச்சிங்க என் கையத்தான் பாத்துக்கிட்டு இருக்குதுங்க" என்றார்.

"அவர் சொல்றது சரி" என்று மாஸ்டர் கரியோடு எழுந்தார். "நிமிந்த கோடு, பருப்பு. படுத்த கோடு, பந்தி. பாதிச் சாம்பார் போனதும் அந்த அளவுக்குத் தண்ணி ஊத்துறார். பருப்பு பாதியாகுது. அடுத்து அதுல பாதி. இப்படியே போனா வளைவு படுத்த கோட்டை நெருங்கும், தொடாது. அதனால பருப்பே இல்லேன்னு யாரும் சொல்ல முடியாது."

"மாஸ்டர், உங்க கோடு கெடக்கட்டும். என் இலையில பருப்ப நான் கண்ணால பாக்கணும்லா" என்றேன்.

மாஸ்டர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினார். பிறகு படுத்த கோட்டுக்கு ஒரு சாண் மேலே இன்னொரு கோடு இழுத்தார். "அப்ப தரையவே தூக்கிடுவோம். சிங்காரம், தண்ணி ஊத்துறப்பல்லாம் ஒரு கரண்டி வெந்த பருப்பும் போடுங்க. எத்தனை பந்தி ஆனாலும் சாம்பார் இந்த மேல்கோட்டுக்குக் கீழ இறங்காது."

"அதுக்குப் பருப்பு ஏது மாஸ்டர்?"

"புதுசா வேணாம். முதல்ல போடுறதுலயே கொஞ்சம் எடுத்து வச்சுக்குங்க."

மறுநாள் என் இலையில் பருப்பு தட்டுப்பட்டது. நான் வாயை மூடிக்கொண்டேன். சிங்காரம் கப்பல் ஏறவில்லை. பதிலுக்கு, பரிமாறும்போதெல்லாம் "கோட்டுக்கு மேலதானேண்ணே இருக்கு?" என்று கேட்டு என் உயிரை வாங்கினார்.

அந்த வாரமே ஒருநாள் கப்பல் வரவில்லை. முதல் பந்திக்கே போய் மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் இலையில் சாம்பார் ஓடிக்கொண்டிருந்தது. மனிதர் சோற்றால் வரப்புக் கட்டி அதைத் தடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாஸ்டர், உங்களுக்கே இப்படியா?"

தலை நிமிராமல் சுவரைக் காட்டினார். வளைவு நிமிர்ந்த கோட்டை வெட்டுகிற இடத்தை அழித்து, கீழே இறக்கி வரைந்திருந்தார். "இருக்கறது அதே பருப்புதானே தம்பி. வால் மேல வரணும்னா தலை கீழ இறங்கணும்."

அந்தத் தலையில், முதல் பந்தியில், தினமும் உட்காருகிறவர் அவர்தான். "சிங்காரம், எடுத்து வச்ச பருப்புல ஒரு கரண்டி மாஸ்டருக்குப் போடுங்க" என்றேன்.

மாஸ்டர் இலையைக் கையால் மறைத்துக்கொண்டார். "அது கடைசிப் பந்திக்கு."

ஞாயிற்றுக்கிழமை சுவர் கழுவுகிற முறை என்னுடையது. தலை இறங்கிய அந்த வளைகோட்டைத் தொடாமல் சுற்றிலும் கழுவினேன்.