கறுப்புத்திரை அண்ணாச்சியும் ஒன்பது அப்பாக்களும்

பம்பாயில் மாட்டுங்காவிலிருந்து டோம்பிவிலி வரை தமிழர் வீடுகளில் இன்று ஆடுகிற தொட்டில்களில் பாதிக்கு ஒரே ஒரு ஆள்தான் பொறுப்பு. தப்பாக நினைக்க வேண்டாம், வரன் சேர்த்து வைத்தவர். அவர் வாழ்நாளில் மவுஸைத் தொட்டதில்லை. நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் பாதியைக் கால் என்று வைத்துக்கொள்ளலாம். மவுஸ் விஷயத்தில் மட்டும் எதையும் குறைக்க முடியாது.

தாராவியில் தோல் பெல்ட் தைக்கிற பட்டறை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் வரன் பதிவு அவர் கையில். சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய், கறுப்புத்திரை அண்ணாச்சி என்றாகிவிட்டார். அவருடைய பழைய லேப்டாப்பைத் திறந்தால் படம் கிடையாது, பட்டன் கிடையாது. கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு வரி: பெயர், வயது, நட்சத்திரம், வேலை, ஊர். ஒரு வார்த்தையைத் தட்டினால் அந்த வார்த்தை உள்ள வரிகள் மட்டும் வந்து நிற்கும். கீபோர்டுக்குக் கீழே விரலால் தடவுகிற இடத்தில், தெரியாமல்கூடக் கை பட்டுவிடக் கூடாதென்று பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்.

"போட்டோ எங்க அண்ணாச்சி?" என்று கேட்கிற தாய்மார்களுக்கு ஒரே பதில்தான். "மூஞ்சியப் பாக்கணும்னா நேர்ல போயிப் பாருங்க தாயி. போட்டோவோடயா குடும்பம் நடத்தப் போறீய?"

ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்று இருக்கும். எந்த ரயில் லைன்? இதை ஒருமுறை நான் கிண்டல் செய்தபோது கோபமே வந்துவிட்டது. "சாதகம் சேரலன்னா பரிகாரம் இருக்குவே. பொண்ணு வெஸ்டர்ன், மாப்ள சென்ட்ரல்னா எந்தக் கோயிலுக்குப் போவீரு? மாமியார் வீட்டுக்குப் போறப்பல்லாம் தாதர்ல லைன் மாறப் பாலம் ஏறி எறங்கியே சண்டை வந்துரும்."

எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது. இரண்டு வருடமாக அவருடைய லேப்டாப்பில் நானும் ஒரு வரி. அப்பா போன பிறகு டோம்பிவிலி வீட்டில் நானும் அம்மாவும் டிவியும்தான். "இந்த வருஷமும் ஒண்ணும் அமையலைன்னா நான் வாயே தெறக்கமாட்டேன், உன் பாடு" என்று அம்மா சொல்லிவிட்டாள். அம்மா வாயைத் திறக்காத வீட்டை நினைத்தால் எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

அந்த வருடம் பார்த்துச் சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வந்தார். செம்பூர் சுரேஷ், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர். அவர் கொண்டுவந்த கம்ப்யூட்டரில் பின்னணியில் மேகம் நகர்ந்தது. ஒரு ஓரத்தில் கடிகாரம், இன்னொரு ஓரத்தில் இன்றைய வெயில். எதைத் திறந்தாலும் அல்வா மாதிரி ஒரு குலுங்கு குலுங்கித்தான் திறந்தது. வரன் வந்தால் இதய வடிவத்தில் சட்டம், மேலிருந்து ரோஜா இதழ் மழை, கூடவே நாதஸ்வரம்.

"ஏக்தம் ஆட்டோமேட்டிக், அண்ணாச்சி. போட்டோவைப் போட்டா போதும், முகத்தை அதுவே தேடிப் பிடிச்சுரும்" என்றார் சுரேஷ்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "இந்தப் பூவ எல்லாம் யாருவே பெருக்கது?" என்றார்.

அவரைச் சாப்பாட்டு டோக்கன் மேஜைக்கு மாற்றினார்கள். லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துகொண்டார்.

மாட்டுங்கா ஹாலில் வரன் அறிமுக விழா. பெரிய திரை, நல்ல கூட்டம். சுரேஷின் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நம்மவர்களுக்கு ஏது குடும்பப் பெயர்? பம்பாயில் பாங்கிலும் ரேஷன் ஆபீஸிலும் எழுதிப் பழகிய கையால் எல்லோரும் அப்பா பெயரை எழுதியிருந்தார்கள். போட்டோ கேட்டதற்கு, தனிப் படம் கொடுத்தால் கண்பட்டுவிடும் என்று, நடுவில் அப்பா உட்கார்ந்திருக்கும் குடும்பப் படமாகக் கொடுத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் குடும்பப் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டது. படத்தில் எந்த முகம் பெரிதோ அதைப் பிடித்துக்கொண்டது.

நாதஸ்வரம் முழங்கியது. ரோஜா இதழ் கொட்டியது. இதயத்துக்குள் வழுக்கைத் தலையும் விபூதியுமாக ஒரு பெரியவர். கீழே 'மணமகன் சுப்பிரமணியன், வயது 29'.

மூன்றாவது வரிசையில் சுப்பிரமணியனின் மனைவி மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தார். "இருபத்தொம்பதாம்ல" என்றார்.

அடுத்ததும் ஓர் அப்பா. அதற்கடுத்ததும் அப்பா. ஹாலே சிரித்தது. சுரேஷ் எதைத் தட்டினாலும் இன்னொன்று குலுங்கித் திறந்ததே தவிர, எதுவும் மூடவில்லை. ஒன்பதாவது அப்பாவோடு கம்ப்யூட்டர் அப்படியே உறைந்தது. நாதஸ்வரமும் ஒரே சுரத்தில் நின்று இழுத்தது.

அந்த ஒன்பதாவது அப்பா, என் அப்பா. அவர் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. தலையில் ரோஜா இதழோடு சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நன்னாத்தான் இருக்கார்" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இருந்த ஒரே வாய்ப்பும் அப்பாவுக்குப் போய்விட்டதே என்ற வயிற்றெரிச்சலும் கூடவே வந்தது.

கூட்டம் பந்திக்கு எழுந்தது. அப்போதுதான் அண்ணாச்சி லேப்டாப்போடு மேடையேறி மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் உக்காருங்க. படம் ஒண்ணும் காட்டமாட்டேன். படிக்கேன், காதால கேளுங்க."

படித்தார். பெயர், வயது, வேலை, லைன். ஆளுக்கு ஒரு வரி, அரை நிமிஷம். எழுந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து கேட்டார்கள். என் முறை வந்தது.

"டோம்பிவிலி. இன்சூரன்ஸ் ஆபீஸ். அம்மா கூட இருக்கான். சென்ட்ரல்." அப்புறம் நான் கொடுக்காத ஒன்றையும் படித்தார். "சாயங்கால வண்டில பெல்ட்டு மூட்டையோட நின்னேன். இந்தப் பையன் எந்திரிச்சு எடம் குடுத்தான். ரெண்டு தடவ."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். வசந்தி, மாட்டுங்காவில் பள்ளிக்கூட டீச்சர். "நிஜமா ரெண்டு தடவை எழுந்து இடம் கொடுத்தாரா?" என்று கேட்டாள்.

"ரெண்டு தடவை நிஜம். மூணாவது தடவை தூங்கற மாதிரி நடிச்சேன்" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் ஹாலும் சேர்ந்துகொண்டது. அண்ணாச்சி ஏதோ தட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "லைன் சேருதுவே. போயிப் பேசும்."

தை மாதம் அதே ஹாலில் எங்கள் கல்யாணம். மொய்க் கவரோடு பெரிய வரிசை காத்திருக்க, அண்ணாச்சி மேடையேறி எங்கள் முன்னால் லேப்டாப்பைத் திறந்தார். கறுப்புத் திரையில் இரண்டே வரிகள், அவளும் நானும்.

"ஆளுக்கு ஒரு வரிய அழிங்க."

அவள் அவளுடையதை அழித்தாள். நான் என்னுடையதை அழித்தேன்.

"அம்புட்டுத்தான். இனி எவன் தேடுனாலும் ரெண்டு பேரும் கெடைக்க மாட்டீய" என்றார். வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைக்கப் போனவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போட்டோகிராபர், "அங்க்கிள், தோடா சைட்" என்று கத்திக்கொண்டே இருந்தார். அண்ணாச்சி நகரவே இல்லை.

அந்தக் கல்யாணப் படங்களில் ஒன்றில் நானும் தெரியமாட்டேன், அவளும் தெரியமாட்டாள். லேப்டாப் மேல் குனிந்திருக்கிற அண்ணாச்சியின் முதுகு மட்டும்தான் தெரியும். எங்கள் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது அந்தப் படம்தான்.