சோபா போக மிச்ச இடம்

எங்கள் ஊர் ஹைதராபாத்துக்குள் இருப்பதாக நிலத் தரகர்கள் சொல்வார்கள். பஸ் கண்டக்டர்கள் ஒத்துக்கொள்வதில்லை. திராட்சைத் தோட்ட வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் நாங்கள். வருஷத்தில் ஒரு நாள் லூர்துமேரி தலைமையில் பெண்கள் கும்மியடிப்பார்கள். எங்கள் கலைவிழா அவ்வளவுதான்.

இந்த அலங்கோலம் பெரிய மனிதர்கள் குடியிருக்கும் சைனிக்புரி வரை எட்டிவிட்டது. மத்திய அரசு நிறுவனத்தில் ஓய்வு பெற்று, ஓய்வெடுக்க மட்டும் மறுத்துவிட்ட ஜகதீசன் என்பவர், தமது கலாசாரப் பேரவையோடு வந்து சென்ற வருஷம் விழாவை முறைப்படுத்தி அருளினார்.

முறை என்றால் மேடை. மேடை என்றால் சோபா. பிரமுகர்கள் அமர்ந்ததும் மேடை தீர்ந்துவிட்டது.

லூர்துமேரி ஜகதீசனிடம் ஓடினாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் பெண்பிள்ளைகளைக் கெஞ்சிக் கூத்தாடிக் கும்மி பழக்கியிருந்தாள்.

"ஐயா, நாங்க எங்க ஆடுறது?"

"கீழே ஆடுங்களேன்."

"கீழ சேர் போட்டிருக்கீங்களே."

"அது பிரமுகர்களோட ஃபேமிலிக்கும்மா. அவங்க இல்லாட்டி சால்வை போடறதை யார் போட்டோ எடுப்பா?"

தீவிரப் பரிசீலனைக்குப் பிறகு, பேனருக்குப் பின்னால் இடம் ஒதுக்கி ஆணையிட்டார்.

"அங்க ஆடினா யாருக்கும் தெரியாதேய்யா."

"ஏன் தெரியாது? பேனர்ல பெரிசா கும்மிப் படம் இருக்கு. படம் முன்னால, சத்தம் பின்னால. வேற என்ன வேணும்?"

சால்வைகள் தொடங்கின. போட்டவருக்கு வாங்கியவர் திருப்பிப் போட்டார். விடுபட்டவர் முகத்தைத் தூக்கிக்கொள்ள, அவருக்கு இரண்டு போட்டார்கள். பின்னாலிருந்து கும்மிச் சத்தம் கேட்டதும் ஜகதீசன் எழுந்து, "உங்கள் கரவொலிக்கு நன்றி" என்று கும்பிட்டார். பாட்டு முடிந்து சத்தம் நின்றபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன் நிறுத்திட்டாங்க? இன்னும் சால்வை இருக்கே. தட்டச் சொல்லுங்க."

பெண்கள் கை சிவக்கத் தட்டினார்கள். கடைசியில் மிஞ்சிய ஒரு சால்வையை லூர்துமேரிக்குப் போட்டார்கள். அவள் அழுதாள். எதற்கென்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

எங்களுக்கு ரோஷம் வந்தது. பேரவையை விரட்டிவிட்டு, இந்த வருஷம் விழாவை நாங்களே நடத்தினோம். தலைவி லூர்துமேரிதான். நடு சோபாவில் அதே சால்வையோடு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு பெண் பேனருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, "ஆன்ட்டி, ஸ்டார்ட் சேத்தாமா?" என்று ஆட்டத்தைத் தொடங்க அனுமதி கேட்டாள்.

"நக்கோ, வேணாம். ஆட்டமெல்லாம் அப்புறம். இப்பக் கையை மட்டும் தட்டுங்க."

அநியாயம் என்று எழுந்து கேட்டிருப்பேன். அடுத்த சால்வை எனக்கு.