சுரங்க மலைக்கு ஒரு சைக்கிள் சதி

மனைவியிடம் நேருக்கு நேர் 'முடியாது' என்று சொல்வதில்லை. இது கண்ணாடிக்காரர் கல்யாணமான மூன்றாம் மாதமே எடுத்த தீர்மானம். சிலர் இதைப் பயம் என்பார்கள். அவர் ராஜதந்திரம் என்று பெயர் வைத்திருந்தார். தான் சொல்ல நினைக்கும் 'முடியாது'வை அவள் வாயாலேயே சொல்ல வைப்பதுதான் அந்தத் தந்திரம். இருபத்திரண்டு வருஷமாக முயற்சி நடக்கிறது. இன்னும் ஒரு தடவைகூடப் பலித்ததில்லை.

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அவர் கண்ணாடிக்காரர். அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. ஊரே எக்ஸ்ரே அம்மா என்றுதான் கூப்பிடும். வெளியே இருப்பதை ஊருக்குத் தெரிய வைப்பவர் அவர். உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்பவள் அவள். அந்த வீட்டில் யார் கை ஓங்கியிருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சிக்கல் ஒரு பழுப்புக் கவரில் வந்தது.

"ஏங்க, மலை மேல பழைய செம்புச் சுரங்க ஊர் இருக்கே, அங்க ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே பிரிவுக்கே என்னைத் தலைமையா போட்டிருக்காங்க."

"அடடா! ரொம்ப சந்தோஷம்!" என்றது அவர் வாய்.

மனசு வேறு கணக்குப் போட்டது. கடை போச்சு. கல்லாவுக்குப் பின்னால் மத்தியானம் போடுகிற குட்டித் தூக்கம் போச்சு. ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடை நண்பரோடு ஆடுகிற கேரம் போச்சு. எல்லாம் போய், மலை மட்டும் மிச்சம்.

"என்ன யோசிக்கிறீங்க? போலாமா?"

"போகாம? ஆனா அதுக்கு முன்னாடி ஊரை ஒரு தடவை பார்த்துட வேண்டாமா?"

"சரி, சனிக்கிழமை பஸ்ல போயிட்டு வந்துடலாம்."

"பஸ்ல போனா பஸ்தாம்மா தெரியும். ஊர் எப்படித் தெரியும்? சைக்கிள்ல போவோம். அந்தக் காலத்துல செம்பு இறக்கின டிராலிப் பாதையை இப்போ சைக்கிளுக்கு விட்டிருக்காங்களாம். போக ஒரு நாள், வர ஒரு நாள்."

அந்தப் பாதையைப் பற்றி அவர் ஏற்கெனவே விசாரித்துவிட்டார். "அதுல மருந்துக்குக்கூட சமதரை கிடையாதுப்பா" என்று மருந்துக்கடை நண்பரே சொல்லியிருந்தார். அதுதான் வேண்டும். இரண்டு ஏற்றம் மிதித்தால் போதும், 'இந்த ஊரே வேண்டாம்' என்று அவளே ஆர்டரைக் கிழித்துப் போட்டுவிடுவாள்.

"எனக்கு முழங்கால் வலி இருக்கேங்க" என்றாள் அவள்.

"மெதுவாப் போலாம்மா. நான் இருக்கேன்ல?"

அவள் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் படத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பாளே, அந்த மாதிரி. "சரிங்க" என்றாள். அவ்வளவு சுலபமாக வந்த 'சரி'யை அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

சனிக்கிழமை காலை கண்ணாடிக்காரர் வாசலில் நின்ற கோலத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டு நாய் குரைக்கவே மறந்துவிட்டது. விரல் நுனி வெட்டிய கையுறை. கவிழ்த்த சட்டி மாதிரி ஹெல்மெட். உடம்போடு ஒட்டின பச்சைச் சட்டை, அதற்கு மேலும் ஒட்டின கால்சட்டை. இருபத்தோரு கியர் வாடகை சைக்கிள். அவள் வழக்கமான உடையில், கான்வாஸ் ஷூவோடு வந்தாள். ஒரு நர்ஸிடம் இரவல் வாங்கிய பழைய சைக்கிள். முன்கூடையில் ரொட்டி, பழம், தண்ணீர்.

"உன் சைக்கிள்ல எத்தனை கியர்?"

"இது நல்ல சைக்கிளுங்க. கியரே இல்ல."

பாவம், முதல் வளைவிலேயே அழுதுவிடுவாள் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் வளைவில் அவள் மணி அடித்து அவரைத் தாண்டிப் போனாள். இரண்டாவது வளைவில் அவளுடைய முதுகு தெரிந்தது. மூன்றாவதில் அதுவும் தெரியவில்லை. வாழ்க்கையில் ஏற்றம் வேண்டும் என்று அவர் பலமுறை வேண்டிக்கொண்டதுண்டு. எல்லாவற்றையும் ஒரே காலையில் கொடுத்தால் யாரால் தாங்க முடியும்? நாலாவது வளைவில் சைக்கிளை ஒரு பாறை மேல் சாய்த்துவிட்டு, தானும் சாய்ந்தார். அவள் இறங்கி வந்தாள்.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல... டயர்ல... காத்து கம்மி."

"டயர்லயா, உங்ககிட்டயா?"

பதில் சொல்லக் காற்று இல்லை. அவள் அவர் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். பழக்க தோஷம், ஆஸ்பத்திரிக் குரல் வந்தது. "நெஞ்சை நிமிர்த்துங்க. மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. அசையாதீங்க... ம், விடலாம்." ஐந்து தடவை இழுக்கச் சொன்னாள், ஐந்து தடவை விடச் சொன்னாள். பிறகுதான் அவருக்குக் கண் திறந்தது. கண் திறந்ததும் எதிரே மலை இருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. புல் மேட்டின் நடுவே செங்கல் புகைபோக்கி ஒன்று தனியாக நின்றது. பக்கத்தில் கட்டடம் எதுவும் இல்லை. எல்லாம் இடிந்துபோன பிறகும் அது மட்டும் வீம்புக்கு நிற்பது மாதிரி. தோண்டிக் கொட்டிய மண் குன்று குன்றாகக் கிடந்தது. ஒன்று காவி நிறம், ஒன்று மயில் கழுத்துப் பச்சை. காற்றில் வாசனைப் புல். கீழே எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம்.

கண்ணாடிக்காரர் உஷாரானார். ரசிக்க வந்தோமா, பயமுறுத்த வந்தோமா?

பாதை ஓரத்தில் ஒரு சுரங்க வாய் இருந்தது. இரும்புக் கம்பி போட்டு மூடியிருந்தார்கள். அவர் ஒரு கல்லை உள்ளே போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று எண்ணின பிறகுதான் 'டொப்' கேட்டது.

"பார்த்தியா? மலைக்குள்ள பூரா ஓட்டை. ராத்திரி ஊர்ல படுத்துத் தூங்குவோம், காலையில வீட்டோட உள்ள போயிடுவோம்."

"ஐயோ, ஆமாங்க. இந்த ஊர் நமக்கு வேண்டவே வேண்டாம்."

பலித்துவிட்டது! இத்தோடு வாயை மூடியிருக்கலாம். ஆனால் கண்ணாடிக்காரருக்கு ஒரு பலவீனம். முடிவு எதுவானாலும் அவளுக்கு விட்டுக்கொடுத்துவிடுவார். விவரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். அவள் ஒன்று சொன்னால் திருத்தாமல் இருக்க முடியாது.

"அப்படி ஒரேடியாச் சொல்லாதே. அந்தப் புகைபோக்கி நூறு வருஷமா நிக்குதே, விழுந்துதா? அந்தக் காலத்து ஆளுங்க விவரம் தெரிஞ்சுதான் தோண்டியிருப்பாங்க."

சொல்லி முடித்த பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் "அப்படீங்களா?" என்று சைக்கிளில் ஏறிவிட்டாள்.

ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடை. கடைக்கார அக்கா இரண்டு டீ கொண்டுவந்து வைத்தாள். கண்ணாடிக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, குடித்த வேகத்திலேயே துப்பினார். டீயில் உப்பு.

"மன்னிச்சுக்குங்க சார். ரெண்டு டப்பாவும் ஒரே மாதிரி. எழுத்து எனக்குப் புகை மாதிரி தெரியுது."

"கண்ணாடி போடலியா?"

"இந்த ஊர்ல ஏது சார் கண்ணாடிக் கடை? கீழ வரணும். கடையை விட்டுட்டு எங்க வர்றது?"

அவருக்கு என்னவோ செய்தது. அடுத்து பழைய பம்ப் கொட்டகைக்குப் போனார்கள். சுரங்கத்துத் தண்ணீரை இறைத்த இயந்திரத்தை அங்கே காட்சிக்கு வைத்திருந்தார்கள். காவலர் பலகையைப் பார்த்து, "இந்த இயந்திரம் ஒரு நிமிடத்துக்கு..." என்று கணீரென்று வாசித்தார். கண்ணாடிக்காரர் பலகையைப் பார்த்தார். 'இயந்திரத்தின் மேல் சாயாதீர்கள்' என்று எழுதியிருந்தது.

அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. எங்கே போனாலும் பையில் நாலைந்து சோதனைக் கண்ணாடி இருக்கும். ஒன்றை எடுத்துக் காவலர் மூக்கில் மாட்டினார். காவலர் பலகையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"அடப்பாவிங்களா! எப்போ மாத்தினாங்க?"

அரை மணி நேரத்தில் பம்ப் கொட்டகை வாசலில் வரிசை நின்றுவிட்டது. டீக்கடை அக்கா, தபால்காரர், பள்ளிக்கூடத்து டீச்சர், சவரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடிவந்த சலூன்காரர். அவர் பின்னாலேயே பாதி தாடியோடு வந்த வாடிக்கையாளர், "முதல்ல இவருக்குப் பாருங்க சார், கை வேற இடத்துக்குப் போகுது" என்று கெஞ்சினார். கண்ணாடிக்காரர் மாற்றி மாற்றி மாட்டினார், சீட்டில் நம்பர் எழுதினார். "அடுத்தது! கிட்ட வாங்க! இந்த எழுத்து தெரியுதா?" மத்தியானத் தூக்கம் ஞாபகத்துக்கே வரவில்லை. கீழே கடையில் ஒரு மாசத்துக்கு இத்தனை பேர் வருவது அதிசயம்.

எக்ஸ்ரே அம்மா படியில் உட்கார்ந்து பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, போதும் வாங்க. நமக்கு எதுக்கு இந்த ஊரு வேலை? திங்கட்கிழமை ஆர்டரைத் திருப்பி அனுப்பிடறேன்."

"அவசரப்படாதே! எல்லாத்துக்கும் உனக்கு அவசரம்."

ராத்திரி தங்க விடுதிக்குப் போகிற வழியில், ஓட்டு வீடுகள் வரிசையாக இருந்த தெருவில், அவள் சைக்கிளில் செயின் கழன்றது. அவர் குனிந்து மாட்டினார். நிமிர்ந்தபோது எதிரே ஒரு பூட்டிய வீடு. வீட்டுக்கு முன்பக்கம் தெருவைப் பார்த்த ஓர் அறை. ஆள் உயரத்துக்குக் கண்ணாடிச் சன்னல்.

"அடடே, வெளிச்சத்தைப் பாரு! முன்னாடி கடை, பின்னாடி வீடு. லென்ஸ் தேய்க்க இதைவிட இடம் கிடைக்குமா?"

"வீடு சின்னதுங்க."

"பெருக்கறது சுலபம்."

"குளிருங்க."

"ஃபேன் வேண்டாம்."

"ஏற்றமுங்க."

"உடம்புக்கு நல்லது! என்னைப் பாரு."

அவள் அவரைப் பார்த்தாள்.

"உங்க கேரம்?"

"அவன் பஸ்ல வரட்டும். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு என்ன வேலை?"

கால் மணி நேரம் பேசினார். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு தொடர்ச்சியாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. கடைசியில் அவள் தலையைக் குனிந்துகொண்டு, "உங்க இஷ்டங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

கண்ணாடிக்காரருக்கு அந்த மலையே தன் காலுக்குக் கீழே இருப்பது போல் இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் குடும்பத்தில் அவர் பேச்சு எடுபட்டிருக்கிறது. ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு, வீட்டை விசாரிக்கப் பக்கத்து வீட்டுக் கதவைக் கம்பீரமாகத் தட்டினார்.

வீட்டுக்காரம்மா சாவிக்கொத்தோடு வெளியே வந்தாள். அவர் தொண்டையைக் கனைத்துப் பேச்சை ஆரம்பிப்பதற்குள், அவரைத் தாண்டிப் பின்னால் பார்த்து முகமெல்லாம் சிரித்தாள்.

"வாங்கம்மா வாங்க! போன மாசம் நீங்க வந்து சொல்லிட்டுப் போன மாதிரியே, உங்க வீட்டுக்காரர் கடைக்காக முன்னாடி ரூமை ஒழிச்சு வச்சுட்டேன். போர்டுக்கு ஆணிகூட அடிச்சாச்சு. இவரு யாரு, போர்டு மாட்ட வந்தவரா?"